காகம் பிழைத்தது

போன புதன்கிழமை காலை பத்தேகால் மணிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. எதையும் தேதி, கிழமை, நேரத்தோடு குறித்து வைக்கும் வியாதி எனக்கு உண்டு. அது எங்கே தொற்றியது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

பேசியவர் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியை. வயது இருபத்தைந்துக்குள் இருக்கும், குரல் அப்படி. நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதி ஓய்வு பெற்றவள், நிறையப் படிப்பவள், ஊரின் பழைய சங்கதிகளை எழுதி வைப்பவள் என்று யாரோ என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பழைய கதை சொல்ல வர முடியுமா என்று கேட்டார்.

“வாரேன்ம்மா, அதுக்கென்ன” என்றேன்.

“ஒரே ஒரு ரெக்வெஸ்ட் மேடம். பயமுறுத்துற கதை மட்டும் வேண்டாம். பேய், கொலை, சித்தி கொடுமை, பிள்ளைங்களக் காட்டுல விட்டுட்டு வாரது, இதெல்லாம் சொன்னா பேரன்ட்ஸ் கம்ப்ளைன்ட் பண்ணுதாங்க. பாசிட்டிவா ஒண்ணு சொல்லுங்க.”

போனை வைத்துவிட்டு ஒரு தாளை எடுத்து எனக்குத் தெரிந்த கதைகளை வரிசையாக எழுதினேன். பதினான்கு வந்தது. பிறகு பேய் இருப்பதை அடித்தேன், கொலை இருப்பதை அடித்தேன், சித்தி இருப்பதை அடித்தேன். மிஞ்சியது ஓர் எறும்பும் வெல்லக்கட்டியும் கதை மட்டும். யோசித்துப் பார்த்தால் அந்த எறும்பும் கடைசியில் பாகில் விழுந்து சாகிறது. அதையும் அடித்தேன்.

மணி பன்னிரண்டாகிவிட்டது. அடுப்பைப் பற்றவைத்துத் தேங்காய் எண்ணெயில் கடுகு போட்டேன். அந்த வாசனை எழும்பியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு காலத்தில் அதுதான் எனக்கு விஷத்தின் வாசனை.

எனக்கு ஒன்பது வயது அப்போது. எந்த வருடம் என்று சொன்னால் என் வயதைக் கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால் மாதமும் கிழமையும் மட்டும் தருகிறேன். வைகாசி இருபத்தேழு, திங்கட்கிழமை, இலஞ்சி கோயிலில் வைத்து அப்பா இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார். அம்மா அதற்கு முந்தின வருடம் மூன்றாவது பிரசவத்தில் இறந்துபோயிருந்தாள். குழந்தையும் தங்கவில்லை. வீட்டில் நானும் நான்கு வயதுத் தம்பியும், எங்களைப் பார்த்துக்கொள்வதற்கென்று அவ்வப்போது வந்து போகும் அத்தையும்தான். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அவள் எங்களைப் பார்த்துக்கொண்டதைவிட நாங்கள் சாப்பிட்டோமா என்று கேட்டுவிட்டு அவள் சாப்பிட்டதுதான் அதிகம். சொல்லக் கூடாது, ஆனாலும் உண்மை.

புதிதாக வந்தவளுக்கு ஊர் செங்கோட்டை. தென்காசியிலிருந்து ரயிலில் ஏறி உட்கார்ந்து இடத்தைச் சரிசெய்வதற்குள் வந்துவிடும் ஊர்தான், ஆனால் எங்களுக்கு அது மலைக்கு அந்தப்பக்கம் போல இருந்தது. மலையாளத்துக்காரி போலத் தண்ணீரை வெள்ளம் என்றாள். தம்பியைக் கொச்சு என்று கூப்பிட்டாள். நல்லெண்ணெய் ஊற்ற வேண்டியதற்கெல்லாம் தேங்காய் எண்ணெய் ஊற்றினாள். பெயர் இசக்கியம்மாள். எங்கள் பக்கத்தில் இசக்கி அம்மன் சிலையை நீங்கள் பார்த்திருந்தால் அவள் கையில் பிள்ளை என்ன நிலைமையில் இருக்கும் என்று தெரியும், பாதி அவள் வாய்க்குள் இருக்கும். போதாததற்கு அப்பா குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர். சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் அவருக்கு ஜாகை அங்கேதான். வாரத்தில் செவ்வாய்க்கிழமை ஒருநாள் வீட்டுக்கு வருவார், பையில் மங்குஸ்தான் பழத்தோடு. மற்ற ஆறு நாளும் நாங்களும் அவளும்.

இத்தனைக்கும் சித்திக்கு அப்போது இருபத்துமூன்று வயது. இதைப் பிற்பாடு கணக்குப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஒன்பது வயதில் பெரியவர்களுக்கு வயதெல்லாம் கிடையாது, உயரம் மட்டும்தான்.

சித்தி எப்படி இருப்பாள் என்பது அவள் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். சொன்னது பாத்து அக்கா. எங்கள் பின்வாசலுக்கும் பாத்து அக்கா வீட்டு முற்றத்துக்கும் நடுவே இடுப்பளவு சுவர். காலையில் பத்து மணிக்கு மேல் அந்த முற்றத்தில் நாலைந்து பெண்கள் சுளகை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள். ஈரத்துணியில் சுற்றி வைத்த இலையின் வாசனையும் புகையிலைத் தூளின் நெடியும் கலந்து வரும். விடுமுறை நாட்களில் நானும் போய் உட்கார்ந்து தும்மிக்கொண்டே கதை கேட்பேன். கை ஓட வேண்டும் என்பதற்காகவே அங்கே கதை. பாத்து அக்காதான் சொல்வாள், மற்றவர்கள் ஊம் கொட்டுவார்கள். அவள் வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். “சென்ட்டு அனுப்புதாரு, சோப்பு அனுப்புதாரு, டார்ச் லைட்டு அனுப்புதாரு. ஆளை அனுப்பத்தான் மாட்டேங்காரு” என்பாள். எல்லோரும் சிரிக்கும்போது அவளும் சிரித்துவிட்டு, “சரி கேளுங்க, ஒரு ஊர்ல” என்று ஆரம்பிப்பாள்.

அவள் சொன்னதில் என்னைப் பிடித்துக்கொண்டது இந்தக் கதை. ஒரு ஊரில் ஒரு விறகுவெட்டி. பொண்டாட்டி செத்துப்போனாள், ஒரு மகள் இருக்கிறாள். விறகுவெட்டி இளையாள் கட்டிக்கொண்டு வந்தான். இளையாளுக்கும் அதே வயதில் ஒரு மகள். மூன்று நாள் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி சோறு போட்டாள். நாலாம் நாள் ஒன்பது கொழுக்கட்டை அவித்தாள். எட்டில் வெல்லம், ஒன்றில் எட்டிக்காய்ப் பொடி. எட்டிக்காய் விஷம். அடையாளம் தெரிய அந்த ஒன்றின் தலையில் நகத்தால் ஒரு கீறல் போட்டு, மூத்தவள் மகளிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீருக்குப் போனாள். இந்தப் பிள்ளை புத்திசாலி. ஒரு கிள்ளு கிள்ளி கிணற்றுச் சுவரில் இருந்த காக்காய்க்குப் போட்டது. காக்கா ஒரு சுற்று சுற்றி விழுந்தது. பிள்ளை வாயே திறக்கவில்லை. கிள்ளிய இடத்தை உருட்டி மூடி, நகக் கீறலைத் தண்ணீர் தொட்டு அழித்து, அந்தக் கொழுக்கட்டையைத் திரும்பச் சட்டியிலேயே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துத் தின்றது. கொஞ்ச நேரத்தில் இளையாள் மகள் பசியோடு வந்தாள். சட்டியில் கையை விட்டாள்.

“யாரு செத்தா?” என்று கேட்டேன்.

“அவதான்.”

“அவ என்னக்கா தப்பு செஞ்சா?”

“ஒண்ணும் செய்யல.”

“பின்னே?”

“பின்னே என்னட்டி பின்னே? கதை அம்புட்டுத்தான். பீடி கட்டுத நூலும் தீந்துபோச்சு.”

பாத்து அக்காவின் கதைகள் எல்லாமே இப்படித்தான் முடியும். சுகமாக இருந்தார்கள் என்று முடிந்து நான் கேட்டதில்லை. இத்தனை வருடத்தில் மொழிபெயர்ப்பில் எத்தனையோ தேசத்துக் கதைகளைப் படித்துவிட்டேன். பனி பெய்கிற நாட்டிலும் சித்திகள் விஷம்தான் வைக்கிறார்கள், அடுப்பில்தான் தள்ளுகிறார்கள். எல்லாக் கதைகளிலும் முதல் வரியிலேயே அம்மா செத்துப்போகிறாள். அது கதை சொல்பவர்களின் சௌகரியத்துக்காக என்று நினைத்திருந்தேன். நகராட்சியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழைய இறப்புப் பதிவேடுகளைக் கரையான் தின்றது போகப் பிரதி எடுக்கச் சொன்னார்கள். பெண்பால், வயது பத்தொன்பது, இருபத்திரண்டு, இருபத்தாறு; காரணம் என்ற இடத்தில் பிரசவம், பிரசவம், மேலே உள்ளபடி, மேலே உள்ளபடி. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வரும்போது பாத்து அக்கா கதையில் ஒரு வார்த்தைகூட இட்டுக்கட்டியது இல்லை என்று தோன்றியது. அம்மாக்கள் நிஜமாகவே முதல் வரியில் செத்திருக்கிறார்கள். மிச்சக் கதையை யாரோ வந்து சமைத்துத்தானே ஆகவேண்டும்.

அதெல்லாம் பிறகு. ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மூன்று நாள் நன்றாகச் சோறு போடுவாள், நாலாம் நாள் கொல்லுவாள். செவ்வாய், புதன், வியாழன் சித்தி நன்றாகவே சோறு போட்டாள். வெள்ளிக்கிழமை, வைகாசி முப்பத்தொன்று, நான் பள்ளிக்கூடத்திலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்ததும் தட்டிலிருந்து முதல் உருண்டையை எடுத்துக்கொண்டு போய் பின்வாசல் சுவரில் வைத்தேன். ஒரு காகம் வந்து தின்றது. நூறு எண்ணினேன். காகம் அலகைச் சுவரில் தேய்த்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்பது போலப் பார்த்தது. உள்ளே வந்து தம்பியைச் சாப்பிடச் சொன்னேன்.

அன்று ஆரம்பித்தது. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தேதி போட்டு, கிழமை போட்டு, பக்கத்தில் ‘காகம் பிழைத்தது’ என்று எழுதினேன். காலையில் பழைய சோறு, ராத்திரிக்கு மதிய மிச்சம்; புதிதாகச் சமைப்பது மதியம் மட்டுமே, ஆகவே விஷம் வைத்தால் மதியம்தான் வைப்பாள் என்பது என் துப்பறியும் மூளையின் முடிவு. தம்பிக்கு எண்ணத் தெரியாது. தட்டுக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து எச்சிலை விழுங்கிக்கொண்டு, “எண்ணிட்டியாக்கா? எண்ணிட்டியா?” என்று ரகசியமாகக் கேட்டுக்கொண்டே இருப்பான்.

சித்தி ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் விசித்திரம். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, நான் எடுப்பதற்கு முன்பே அவளே ஒரு துண்டு இலையில் முதல் உருண்டையைத் தனியாக வைத்து என்னிடம் நீட்டினாள். பருப்பு, அதன்மேல் ஒரு சொட்டு நெய். எங்கள் தட்டில் நெய் கிடையாது. நான் சுவரருகே நின்று எண்ணும் நேரம் முழுவதும் அடுக்களை வாசலில் கைகட்டி, தலையைக் கொஞ்சம் குனிந்து நிற்பாள். நான் இதை மிகவும் சந்தேகமாகப் பார்த்தேன். காக்காய்க்கு நல்ல சோறு, நமக்கு வேறு சோறு! கெட்டிக்காரிதான். மறுநாளிலிருந்து அவள் தந்த உருண்டையோடு என் தட்டிலிருந்தும் ஒரு கிள்ளு சேர்த்துப் போட ஆரம்பித்தேன்.

இருபத்தைந்து நாள் காகம் பிழைத்தது.

இருபத்தாறாம் நாள், ஆனி இருபத்தைந்து, செவ்வாய்க்கிழமை. அப்பா வந்திருந்தார். அத்தையும் வந்திருந்தாள். ஆடி பிறக்கப்போகிறது, புதுப்பெண்ணைத் தாய்வீட்டார் வந்து அழைத்துப்போக வேண்டும் அல்லவா, அதைப் பற்றிப் பேச வந்திருந்தாள். வெளியே சாரல். நான் சோற்றைச் சுவரில் வைத்துவிட்டு நனையாமல் இருக்க உள்ளே வந்து எண்ணினேன். அறுபதோ எழுபதோ எண்ணும்போது வெளியே ஒரே காகக் கூச்சல். எட்டிப் பார்த்தால் சுவருக்குக் கீழே ஒரு காகம் மல்லாந்து கிடக்கிறது. கால் இரண்டும் விறைத்து நிற்கிறது. சுவரில் சோற்றைக் காணோம்.

“லேய், தின்னாத!” என்று தம்பியின் கையைத் தட்டிவிட்டேன். “சித்தி சோத்துல விஷம் வெச்சிட்டா! காக்கா செத்துப்போச்சு!”

அத்தை இந்த ஒரு வாக்கியத்துக்காகவே ஒரு மாதமாகக் காத்திருந்த மாதிரி நெஞ்சில் அறைந்துகொண்டாள். “ஐயோ, எம் மருமக்கள கொல்லப் பாத்தாளே பாவி! நான் சொன்னேன்லா, இளையாள நம்பப்படாதுன்னு!” அப்பா கையில் சொம்போடு அப்படியே நின்றார். சித்தி அடுக்களை வாசலில். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, தைரியம் இல்லை. அவள் காலைத்தான் பார்த்தேன். அந்தக் கால் நடந்து வந்தது. என் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள். பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

அத்தைக்குத்தான் முதலில் குரல் வந்தது. “எந்திரிட்டி! வீட்டு ஆம்பிள இன்னும் சாப்பிடல, நீ பாட்டுக்கு உக்காந்து திங்க?”

விஷம் அவளுக்கு மறந்துவிட்டது. வீட்டு ஆண் சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு பெண் சாப்பிடுவதை அவள் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தாள். சித்தி எழுந்திருக்கவில்லை. என் தட்டை ஒரு பருக்கை இல்லாமல் வழித்துவிட்டுத் தம்பி தட்டை இழுத்தாள். அதையும் தின்றாள். பிறகு அப்படியே உட்கார்ந்திருந்தாள். நாங்கள் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்கு வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. உதட்டுக்குள்ளேயே ஒன்று, இரண்டு என்று எண்ணினேன்.

தம்பி என் பாவாடையை இழுத்தான். “எண்ணிட்டியாக்கா?”

“என்னத்தட்டி எண்ணுத?” என்றார் அப்பா.

தம்பி எல்லாவற்றையும் சொன்னான். பாத்து அக்கா சொன்ன கதை, காக்காய்க்குப் போடுவது, நூறு எண்ணுவது, பிறகு சாப்பிடுவது. நோட்டு வேறு இருக்கிறது என்று போய் எடுத்துக்கொண்டும் வந்தான். அப்பா பக்கம் பக்கமாகப் புரட்டினார். சித்தி கழுவாத கையோடு அதை எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும்.

“நீ உங்கம்மைக்குப் போடுதன்னுல்லா நான் நெனச்சேன்” என்றாள்.

இறந்தவர்கள் காகமாக வந்து சோறு எடுப்பார்கள் என்பது ஊர் அறிந்த விஷயம். தாயில்லாப் பிள்ளை தினமும் தாய்க்கு முதல் சோறு வைக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவள் இத்தனை நாளும் என் அம்மாவுக்குச் சோறு போட்டிருக்கிறாள். நெய்யோடு. அந்தக் கைகட்டலும் தலைகுனிவும் அம்மாவுக்காக.

அப்போதுதான் சுவருக்கு அந்தப்பக்கமிருந்து பாத்து அக்காவின் தலை எழுந்தது. “ஏ, என்ன சத்தம் அங்கன? காக்காய்க்கா இந்த ஒப்பாரி? அது நனைஞ்ச றெக்கையோட கரண்டு கம்பி ரெண்டையும் தொட்டுச்சு, டப்புனு விழுந்துச்சு. நான் இங்கன இருந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்.”

விஷம் இல்லை என்று ஆகிவிட்டது. ஆனால் நான் சொன்னது சொன்னதுதானே. அத்தை அப்பாவிடம் தணிந்த குரலில், எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்: “ஆடிக்குப் போறவ அங்கனயே இருக்கட்டும்டா. பிள்ளையளுக்கு மனசு ஒட்டலன்னா என்ன செய்ய? பிள்ளையள நான் பாத்துக்கிடுதேன்.” அப்பா மறுத்துப் பேசவில்லை. அவர் எதையுமே மறுத்துப் பேசுபவர் இல்லை. லாட்ஜில் குரங்கு அறைக்குள் புகுந்து சோப்பைத் தூக்கிக்கொண்டு போனாலும் குரங்கிடம் பேசிப் பார்ப்பவர்.

அன்று சாயங்காலம் சித்தி என்னைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு பாத்து அக்கா வீட்டுக்குப் போனாள். அடி வாங்கித்தரப் போகிறாள் என்று நினைத்தேன். முற்றத்தில் உட்கார்ந்து, “இவளுக்கு ஒரு கதை சொன்னீயளாமே, எனக்கும் சொல்லுங்க” என்றாள்.

பாத்து அக்கா சுளகை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “அது சும்மா... வேல நேரத்துல சொல்லுதது. அதப் போயி...”

“சொல்லுங்க மயினி. நானும் இளையாதான? தெரிஞ்சுக்கிடுதேன்.”

வேறு வழியில்லாமல் சொன்னாள். இளையாள் என்று வரும் இடத்திலெல்லாம் குரல் தேய்ந்தது. ஒரு கட்டத்தில் அந்த இளையாளை ‘நல்லவதான், ஏதோ புத்தி கெட்டுப்போயி’ என்று திருத்தக்கூடப் பார்த்தாள். “மாத்தாம சொல்லுங்க” என்றாள் சித்தி. கடைசிவரை கேட்டாள்.

“அந்தப் பிள்ள காக்காய்க்குப் போட்டுப் பாத்தது சரி. திரும்பச் சட்டியில வெச்சதுதான் தப்பு” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “விஷம்னு தெரிஞ்சா நாலு பேரு கேக்க சத்தம் போடணும்ட்டி. சும்மா வெச்சிருந்தா வேற ஒருத்தி வாயில போயிரும். நீ சத்தம் போட்ட பாரு, அது சரி.”

என்னை யாரும் அதுவரை அப்படிப் பாராட்டியதில்லை. அதுவும் நான் யாரைக் கொலைகாரி என்றேனோ அவளே! பாத்து அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, புகையிலைத் தூள் என்றாள்.

“இனிமே காக்காய்க்குப் போட்டுப் பாக்க வேண்டாம். வாயில்லாத சீவன். என்ன மொதல்ல சாப்பிடச் சொல்லு” என்று முடித்தாள் சித்தி.

மறுநாளிலிருந்து அப்படித்தான். எங்கள் இரண்டு பேர் தட்டிலிருந்தும் ஒவ்வொரு வாய் எடுத்து எங்கள் கண் முன்னாலேயே தின்பாள். தம்பி வாயைப் பார்ப்பான், நான் எண்ணுவேன். ஆறு நாள். ஆனி கடைசி நாளன்று அவள் தம்பி வந்து செங்கோட்டைக்கு அழைத்துப் போய்விட்டார். துணி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனாள். ஒரு மாதத்துக்கு அத்தனை துணி எதற்கு என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அத்தை வந்து சமைத்தாள். நல்லெண்ணெய்தான். நியாயமாக எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். தம்பி தட்டைத் தொடவில்லை. “சித்தி மொதல்ல திங்கட்டும்” என்றான். அத்தை கெஞ்சினாள், மிரட்டினாள், கடைசியில், “ஏலே, நான் வேணா மொதல்ல திங்கேன், பாரு” என்று ஒரு பெரிய உருண்டையைப் போட்டுக்கொண்டாள். தம்பி அதை மதிக்கவில்லை. “அத்த எப்பவும்தான் திங்கா. அது கணக்குல வராது.”

பொரி, பால், அப்பா கொண்டுவரும் மங்குஸ்தான் என்று அவன் ஓட்டினான். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. பாத்து அக்கா சுவருக்கு மேலாக, “என்ன மயினி, பிள்ள துரும்பா போயிட்டான்? சாப்பாட்டுல என்ன போடுதிய?” என்று ஒருநாள் கேட்டாள். கள்ளி, வேண்டுமென்றேதான் கேட்டாள். ஆடி பதினேழு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தை லாட்ஜுக்கே ஆள் அனுப்பி அப்பாவை வரவழைத்தாள். “நீ போயி அவளக் கூட்டிட்டு வாடா. பிள்ளையப் பட்டினி போட்டுக் கொன்னான்னு நாளைக்கு என்னச் சொல்லுவாவ.”

குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் சனிக்கிழமை லீவு போட்ட மேனேஜர் அப்பா ஒருவராகத்தான் இருக்கும். பதினெட்டாம் தேதி காலை ரயிலில் நானும் போனேன். சித்தி வீட்டுக் கதவைத் திறந்தது அவள் அம்மா. அப்பாவுக்கு நாற்காலி போட்டார்கள், மரியாதைக்குக் குறைவில்லை. எனக்கு ஒரு பித்தளை டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, என் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாள் கேட்டாள்: “விஷக்காரி வீட்டு வெள்ளம். குடிப்பியாட்டி?”

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார், வழக்கம்போல வரவில்லை. அடுக்களைக்குள் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. அங்கே யார் நிற்பது என்று எனக்குத் தெரியும். டம்ளரை வாங்கினேன். முதல் வாய் எடுக்க ஆள் இல்லை, எண்ணவும் இல்லை. ஒரே மூச்சில் அண்ணாந்து குடித்தேன். பாதி சட்டையில் வழிந்தது.

“மெதுவாட்டி, புரை ஏறிரும்” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. சித்தி வெளியே வந்து தன் முந்தானையால் என் வாயைத் துடைத்தாள். பிறகு துணியை எடுத்துவைக்க உள்ளே போனாள். ஆடி முடியும் முன்னால் புதுப்பெண் திரும்பக் கூடாது என்று அவள் அம்மா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

நோட்டில் அன்றைய வரி இப்படி இருக்கிறது: ‘ஆடி 18, சனி. செங்கோட்டையில் வெள்ளம் குடித்தேன். பிழைத்தேன்.’ அதற்குப் பிறகு காகத்துக்குப் பதிலாக, ‘சித்தி சாப்பிட்டாள். பிழைத்திருக்கிறாள்’ என்று நாள்தோறும். புரட்டாசி ஆறாம் தேதி, ‘மூன்று நாள் எழுத மறந்துவிட்டேன். சித்தி சாப்பிட்டாள். பிழைத்திருக்கிறாள்.’ அதுதான் கடைசி வரி. மிச்சப் பக்கங்கள் வெறும் கோடுகள். மறந்துவிட்டேன் என்று எழுதியதையே மறந்து பள்ளிக்கூடம், பாண்டியாட்டம் என்று போய்விட்டேன் போலிருக்கிறது.

நோட்டு நின்றாலும் பழக்கம் நிற்கவில்லை. பெண்கள் எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைத் தின்கிற தெருவில், எங்கள் வீட்டில் மட்டும் சமைத்தவள் முதல் வாய் எடுப்பாள், பிறகுதான் அப்பாவே கை நனைப்பார். தெருவில் கேலி பேசினார்கள். அத்தை சாகும்வரை அதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சித்திக்குப் பிள்ளை பிறக்கவில்லை. என் கல்யாணத்தன்றுகூட, இலை போட்டதும் மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் பார்க்க, குனிந்து என் இலையிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு ஒன்றுமே நடக்காத மாதிரி நகர்ந்தாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மணப்பெண் பல்லைக் காட்டுகிறாள் என்று பேச்சு வந்தது.

கடைசி இரண்டு வருடம் அவளுக்கு ஞாபகம் தப்பிவிட்டது. தம்பி சென்னையில். நான் ஓய்வு பெற்று அவளோடு இருந்தேன். ஒருநாள் ரசஞ்சாதம் பிசைந்து ஊட்டப்போனால் வாயை இறுக மூடிக்கொண்டாள். “யாருட்டி நீ? இதுல என்ன கலந்திருக்க?” என்றாள். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பிறகு ஒன்று தோன்றியது. முதல் வாயை நானே எடுத்து அவள் பார்க்கத் தின்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மெல்ல அசைந்தது. எண்ணுகிறாள்! எதுவரை எண்ணினாளோ, இடையில் எங்கே விட்டாளோ, கொஞ்ச நேரம் கழித்து வாயைத் திறந்தாள். அதிலிருந்து ஒவ்வொரு வேளையும் அப்படித்தான்.

நேற்று அந்த ஆசிரியையைக் கூப்பிட்டேன். “ஒரு கதை இருக்கும்மா. விஷம் வருது, சித்தி வாரா. ஆனா யாரும் சாகல. ஒரே ஒரு காக்கா மட்டும் சாகுது.”

“காக்கா மயங்கி விழுந்துச்சுன்னு வெச்சுக்கலாமா ஆச்சி?”

மேடமாக இருந்தவள் ஆச்சியாகியிருந்தேன், அந்த அளவுக்கு நெருங்கிவிட்டோம். “முடியாதும்மா. அது சாகலன்னா நாங்க ஒட்டியிருக்கவே மாட்டோம்” என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். வரும் திங்கட்கிழமை தெரியும்.

பாத்து அக்காவின் முற்றம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடையும் மேலே இரண்டு மாடியும். கடைசியில் துபாய்க்காரர் வந்து அவளைப் புளியங்குடிக்குக் கூட்டிப்போனார். அவள் மௌத்தாகி அடக்கம் செய்த செய்தி ஒரு வாரம் கழித்துத்தான் எனக்கு வந்தது. நடுச்சுவர் இல்லை. கம்பிகளுக்கு ரப்பர் உறை போட்டுவிட்டார்கள், சாரலில் காகங்கள் அதன்மேல் பயமில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. சித்தியின் தேதி பதிவேட்டில் இருக்கிறது. எனக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வந்த பெண் கணினியில் ஏற்றி, சான்றிதழை என் கையில் தந்தாள். எத்தனையோ பேரின் சாவை எழுதிய கைதான், இருந்தும் நோட்டில் அந்த ஒரு வரியை மட்டும் இன்னும் எழுதவில்லை. இடம் நிறைய இருக்கிறது.

அந்தப் புதன்கிழமை மதியம் தாளிப்பை ரசத்தில் கொட்டி, சோறு போட்டு, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். மணி பன்னிரண்டே முக்கால். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்பது அறுபது தாண்டிய பிறகுதான் தெரிந்தது. நூறு முடித்தேன். முதல் வாயை யாரும் எடுக்கவில்லை. ரசம் ஆறிவிட்டிருந்தது.